மைனஸ் 40 மைக்ரோமீட்டர்: படிகத்துக்குள் ஆக்சிஜன் தெரிய வந்த விதம்

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சுன்-லின் ஜியா, மார்க்குஸ் லென்ட்சன், க்னூட் உர்பான் ஆகிய மூவரும் 2003-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலிருந்த முக்கியமான படம் பார்வைக்கு எளிமையானது. இருண்ட பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தை, 110 என்று குறிக்கப்படும் மூலைவிட்டத் திசையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்த படம் அது. எலக்ட்ரான் செல்லும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அணுக்கள் படத்தில் ஒரே புள்ளியாக விழும். அந்த வரிசையை அணுத்தூண் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரான்சியமும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் தூண் ஒரு புள்ளி. டைட்டேனியம் மட்டும் உள்ள தூண் இன்னொரு புள்ளி. டைட்டேனியத்திலிருந்து பக்கவாட்டில் 0.138 நானோமீட்டர் தள்ளி, தனியே தெளிவாக மூன்றாவது புள்ளி. அது ஆக்சிஜன் மட்டுமே உள்ள தூண்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஸ்ட்ரான்சியத்தின் அணு எண் 38, டைட்டேனியத்துக்கு 22, ஆக்சிஜனுக்கு வெறும் 8. எலக்ட்ரான் கற்றையை மிகக் குறைவாகவே சிதறடிக்கும் ஆக்சிஜன், கனமான அணுக்களுக்கு நெருக்கத்தில் நின்றால் படத்தில் காணாமல் போய்விடும். ஆனால் ஆக்சைடு பொருட்களின் குணத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த ஆக்சிஜன்தான். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் நிறமற்ற மின்கடத்தாப் பொருள். வெற்றிடத்தில் சூடாக்கி ஆக்சிஜனில் சிறு பகுதியை வெளியேற்றினால் நிறம் கருத்து, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். அதே கட்டுரையில் படம்பிடிக்கப்பட்ட இன்னொரு பொருளான இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, ஆக்சிஜன் நிறைவாக இருந்தால் சுமார் 92 கெல்வினில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும். ஆக்சிஜன் போதிய அளவு குறைந்தால் மீக்கடத்தும் தன்மையே போய்விடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு கோடிக்கணக்கான அலகுக்கூடுகளின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமைப்பு) சராசரியைத் தரும். எந்த இடத்தில், எந்தத் தூணில் ஆக்சிஜன் குறைகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல நேரடியான படம் வேண்டும்.

படம் எடுத்த கருவி பிலிப்ஸ் நிறுவனத்தின் சிஎம்200. 200 கிலோவோல்ட்டில் இயங்கும் நடுத்தர நுண்ணோக்கி. சாதாரண நிலையில் அதன் பிரிதிறன் 0.24 நானோமீட்டர், 0.138 நானோமீட்டர் இடைவெளியை அது நேரடியாகப் பிரித்துக் காட்டவே முடியாது. அதில் ஒரு திருத்தியைப் பொருத்தி, பொருளருகு வில்லையின் கோளப் பிறழ்ச்சி என்ற குவியப் பிழையைச் சுமார் 1.2 மில்லிமீட்டரிலிருந்து மைனஸ் 40 மைக்ரோமீட்டருக்குக் கொண்டுவந்து எடுத்த படம் அது. பூஜ்யத்துக்குக் கொண்டுவரவில்லை, பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போனார்கள். அந்தத் தெரிவுக்குப் பின்னால் உள்ள காரணமும், அந்த எண்ணைத் துல்லியமாக வைக்க முடிந்த திறமையும்தான் இந்த ஆய்வின் பொருள்.

பிழை எங்கே இருக்கிறது

கண்ணாடி வில்லையில் கோளப் பிறழ்ச்சி பழைய சிக்கல். வில்லையின் ஓரமாக வரும் கதிர், நடுவில் வரும் கதிரைவிட அதிகமாக வளைந்து முன்கூட்டியே குவிந்துவிடும். குவிவில்லையோடு ஒரு குழிவில்லையைச் சேர்த்து அதைச் சரிசெய்துவிடலாம். கேமரா வில்லைகள் எல்லாம் அப்படித்தான் செய்யப்படுகின்றன. எலக்ட்ரானைக் குவிக்கும் காந்த வில்லைக்கு இந்த வசதி கிடையாது. வட்டச் சமச்சீர் கொண்ட காந்த வில்லை எப்போதும் குவிவில்லையாகத்தான் வேலைசெய்யும்; அதற்கு இணையான குழிவில்லையே இல்லை. ஓட்டோ ஷெர்ட்சர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1936-இல் இதைக் கணித முறையில் நிறுவினார். வில்லை வட்டச் சமச்சீர் உடையதாக, புலம் நேரத்தோடு மாறாததாக, கற்றை செல்லும் பாதையில் மின்னூட்டம் இல்லாததாக இருந்தால், கோளப் பிறழ்ச்சியும் நிறப்பிறழ்ச்சியும் (வேகம் வேறுபடும் எலக்ட்ரான்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் பிழை) எப்போதும் நேர்க்குறிதான். எப்படி வடிவமைத்தாலும் பூஜ்யமாக்க முடியாது.

இதன் விளைவை எண்களாகப் பார்த்தால்தான் கனம் புரியும். 200 கிலோவோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் 2.5 பிகோமீட்டர். அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்கு. அலைநீளம் மட்டுமே வரம்பு என்றால் அணுவைப் பார்ப்பது ஒரு சிரமமே அல்ல. ஆனால் கருவி தரும் பிரிதிறன் 0.24 நானோமீட்டர், அதாவது அலைநீளத்தைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. நடுவில் உள்ள அத்தனை இழப்பும் வில்லையால் வந்தது.

பிரிதிறன் குறைவது தெரிந்த தொல்லை. அதைவிட மோசமான ஒன்று உண்டு. படிகப் படங்களைப் படிப்பவர்கள் இதைத்தான் முதலில் மனதில் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 0.14 நானோமீட்டர் நுணுக்கத்தைச் சுமக்கும் கதிர், அச்சிலிருந்து சுமார் 18 மில்லிரேடியன் சாய்ந்து வருகிறது. 1.2 மில்லிமீட்டர் கோளப் பிறழ்ச்சி அந்தக் கதிரை, அது விழ வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 7 நானோமீட்டர் தள்ளி விழவைக்கும். குவியத்தை ஷெர்ட்சர் பரிந்துரைத்தபடி சுமார் 66 நானோமீட்டர் குறைத்து வைத்தால் அதில் ஒரு நானோமீட்டர் மீளும். மீதி கிட்டத்தட்ட 6 நானோமீட்டர் அப்படியே நிற்கும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் அலகுக்கூடு 0.39 நானோமீட்டர் என்பதால், ஓர் அணுவைப் பற்றிய செய்தி படத்தில் 15 அலகுக்கூடு தள்ளிப் போய் விழுகிறது என்று பொருள்.

குறையே இல்லாத படிகத்தில் இது யாருக்கும் தெரியாது. சீருடை அணிந்த பிள்ளைகள் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாதது போல, 15 கூடு தள்ளியிருந்து வந்த செய்தியும் இங்கே இருக்க வேண்டிய செய்தியும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு படிகங்கள் சந்திக்கும் இடைமுகத்தில், ஒரு குறை இருக்கும் இடத்தில், படிகத்தின் ஓரத்தில்தான் வேஷம் கலையும். அங்கே ஒரு பக்கத்தின் அணுக்கள் மறுபக்கத்தில் தெரியும். படிகம் முடிந்த பிறகும் வெற்றிடத்துக்குள் கோடுகள் நீளும். ஆய்வாளர் பார்க்க விரும்புவதோ அந்த இடங்களைத்தான்.

கோளப் பிறழ்ச்சியைப் பிரிதிறன் சிக்கலாக மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எலக்ட்ரான் கற்றை அச்சிலிருந்து துளி சாய்ந்தாலும், கோளப் பிறழ்ச்சி அந்தச் சாய்வைக் கோமா என்ற வேறொரு பிழையாக மாற்றிவிடும். கோமாவின் அளவு, பிறழ்ச்சியைச் சாய்வால் பெருக்கினால் கிடைப்பது. 0.138 நானோமீட்டர் வரை படத்தை நம்ப வேண்டுமானால் கோமா 50 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1.2 மில்லிமீட்டர் பிறழ்ச்சியோடு அதைச் சாதிக்க, சாய்வை 0.04 மில்லிரேடியனுக்குள் வைக்க வேண்டும். பாகையில் சொன்னால் 0.0025-க்கும் கீழே. கண்ணால் பார்த்து இதைச் சரிசெய்வது நடக்காத காரியம். சமச்சீரான படிகம் சமச்சீர் இழந்தது போலப் படத்தில் தெரியும். பார்ப்பவர் அதைப் படிகத்தின் குணம் என்று எழுதிவைக்க வாய்ப்புண்டு.

ஐம்பது ஆண்டுத் தோல்விகள்

தடையை நிறுவிய ஷெர்ட்சரே வழியையும் சொன்னார். 1947-இல் அவர் எழுதிய கட்டுரை, 1936-இன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தது. அவற்றில் கைகூடும் வழியாகப் பட்டது வட்டச் சமச்சீரைக் கைவிடுவது. நால்முனை, எண்முனைக் காந்தங்களை அடுக்கி, எதிர்க்குறிப் பிறழ்ச்சியை வேண்டுமென்றே உண்டாக்கி, பொருளருகு வில்லையின் நேர்க்குறியோடு கழித்துவிடுவது. 1948-இல் டென்னிஸ் கேபர் வேறு திசையில் போனார்: அலையின் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) பதிவுசெய்துகொண்டு பிழையைப் பிறகு நீக்கலாம் என்றார். அவர் கண்டுபிடித்த ஹோலோகிராபி பிறந்ததே எலக்ட்ரான் வில்லையின் கோளப் பிறழ்ச்சியைத் தாண்டத்தான். அதற்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அது லேசர் ஒளியின் உத்தியாக உலகப் புகழ் பெற்றிருந்தது.

திருத்தி கட்டும் முயற்சிகள் 1950-களிலிருந்து ஜெர்மனியிலும் பின்பு கேம்பிரிட்ஜிலும் சிகாகோவிலும் நடந்தன. கொள்கை சரி என்பதைச் சில சோதனைகள் காட்டின. ஆனால் திருத்தியைப் பொருத்திய நுண்ணோக்கி, பொருத்தாத நல்ல நுண்ணோக்கியைத் தோற்கடிக்கவே இல்லை. 1970-களில் டார்ம்ஸ்டாட்டில் ஷெர்ட்சரின் குழு பெரிய முயற்சியில் இறங்கியது. 1982-இல் அவர் மறைந்த பிறகு அது நின்றுபோனது. 1980-களின் முடிவில், திருத்தி நடைமுறைக்கு ஒத்துவராது என்ற எண்ணம் துறைக்குள் பரவலாக ஊறிவிட்டது. மாற்று வழியாக மின்னழுத்தத்தைப் பத்து லட்சம் வோல்ட்டுக்கு ஏற்றிய ராட்சத நுண்ணோக்கிகள் வந்தன. அலைநீளம் குறைந்ததால் பிரிதிறன் கூடியது உண்மை. ஆனால் அந்த வேகத்தில் வரும் எலக்ட்ரான் படிகத்தின் அணுவையே இடத்தைவிட்டுத் தட்டிவிடும்.

இந்தத் தோல்விகளை வடிவமைப்பின் தோல்வியாகப் பார்ப்பது தவறு. நால்முனை, எண்முனை அடுக்கு ஒவ்வொன்றும் தான் திருத்த வந்த பிழையோடு கூடவே பத்துப் புதிய பிழைகளைக் கொண்டுவரும். காந்தமுனை ஒன்று சில மைக்ரோமீட்டர் விலகியிருந்தாலும் ஆஸ்டிக்மேட்டிசமும் (திசைக்கொரு இடத்தில் குவியும் பிழை) கோமாவும் தலைதூக்கும். அவற்றை அடக்கக் கூடுதல் சுருள்கள் இருந்தன. எந்தச் சுருளில் எவ்வளவு மின்னோட்டம் என்பதைச் சொல்லத்தான் யாருமில்லை. எந்தப் பிழை எவ்வளவு இருக்கிறது என்று அளக்காமல், ஒரு டஜன் குமிழ்களைக் கையால் திருகிக் கற்றையைச் சீராக்கப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், காணாமல் இருந்தது திருத்தி அல்ல, அளவுகோல்.

அளக்கும் வழி

அளவுகோலின் முதல் பாதி 1966-இலேயே கிடைத்துவிட்டது. படிக ஒழுங்கில்லாத மெல்லிய கார்பன் படலத்தைப் படமெடுத்து ஃபூரியர் உருமாற்றம் செய்தால் (படத்தை நுணுக்க வாரியாகப் பிரிக்கும் கணக்கு இது), வெள்ளையும் கருப்புமாக வளையங்கள் தெரியும். தோன் என்பவர் விளக்கிய இந்த வளையங்கள், வில்லை எந்த நுணுக்கத்தைக் கடத்துகிறது, எதை மறைக்கிறது, எதைத் தலைகீழாகக் காட்டுகிறது என்பதற்கான கையெழுத்து. வளையங்களின் இடைவெளியிலிருந்து குவிய விலகலையும், அவை நீள்வட்டமாக நெளிவதிலிருந்து ஆஸ்டிக்மேட்டிசத்தையும் கணக்கிடலாம்.

ஆனால் கோமா அந்த வளையங்களில் தெரியாது. வளையங்கள் எப்போதும் மையத்தைச் சுற்றிச் சமச்சீராக இருப்பதால், மூன்றாம் படி போன்ற ஒற்றைப்படைப் பிழைகள் அவற்றில் ஒளிந்துகொள்ளும். 1978-இல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவனத்தில் ஃபிரிட்ரிஷ் செம்லினும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள். கற்றையை வேண்டுமென்றே பல திசைகளில் ஒரே அளவு சாய்த்து, ஒவ்வொரு சாய்விலும் ஒரு படம் எடுத்து, எல்லா வளையப் படங்களையும் வட்டமாக அடுக்கிவைப்பது. சாய்வு, ஒளிந்திருக்கும் பிழைகளைக் குவிய விலகலாகவும் ஆஸ்டிக்மேட்டிசமாகவும் மாற்றி வெளியே கொண்டுவந்துவிடும். அடுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் ஒத்துப்போனால் கோமா இல்லை. ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்தே எல்லாப் பிழைகளின் அளவும் திசையும் கிடைக்கும். இந்த அடுக்குக்கு இன்றும் செம்லின் பெயர்தான்.

இது வெளியானபோது வளையப் படங்கள் புகைப்படத் தகட்டில் எடுக்கப்பட்டு, ஒளியியல் மேசையில் ஒவ்வொன்றாக உருமாற்றப்பட்டன. ஒரு தொகுப்பு கையில் வருவதற்குள் நுண்ணோக்கியின் நிலையே மாறிவிடும். சிசிடி கேமராவும் வேகமான கணினியும் நுண்ணோக்கியோடு இணைந்த 1990-களில்தான், சாய்த்து, படமெடுத்து, பிழைகளைக் கணக்கிட்டு, சுருள்களின் மின்னோட்டத்தைத் திருத்தி, மறுபடி சாய்த்துச் சரிபார்க்கும் சுற்று ஒரே அமர்வில் முடியக்கூடியதாக ஆனது. 1997-இல் திருத்தி கடைசியில் வென்றதைப் பற்றிப் பேசும்போது, அதில் இருந்த அறுமுனைக் காந்தத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதி இந்தச் சுற்றுக்குச் சேர வேண்டும்.

அறுமுனையின் கதையும் அழகானதுதான். ஷெர்ட்சரின் மாணவரான ஹரால்ட் ரோஸ் 1990-இல் ஒரு வடிவமைப்பை வெளியிட்டார். அறுமுனைக் காந்தம் கற்றையை முக்கோணமாக நசுக்கும். ஆனால் அந்தக் காந்தம் போதிய நீளம் கொண்டதாக இருந்தால், முக்கோண நசுக்கலோடு இரண்டாம் விளைவாக ஓர் எதிர்க்குறிக் கோளப் பிறழ்ச்சியும் பிறக்கும். அது வட்டச் சமச்சீர் உடையது. ரோஸ் இரண்டு அறுமுனைகளை எடுத்துக்கொண்டு, நடுவில் இரண்டு வட்ட வில்லைகளை வைத்து, முதல் அறுமுனையின் பிம்பம் இரண்டாவதன் மேல் விழும்படி செய்தார். முக்கோண நசுக்கல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; எதிர்க்குறிப் பிறழ்ச்சிகள் இரண்டும் கூடும். நால்முனை, எண்முனை அடுக்கைவிட உறுப்புகள் குறைவு. அதனால் தவறக்கூடிய இடங்களும் குறைவு.

ஹைடல்பெர்க்கில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்த மாக்சிமிலியன் ஹைடர் கட்டுவதற்கு முன்வந்தார். பயன்பாட்டைக் காட்டப் பொருளறிவியலாளர் உர்பான் சேர்ந்தார். ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1997-இல் திருத்தி வேலைசெய்தது. 1998-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. பிரிதிறன் 0.24-லிருந்து 0.14 நானோமீட்டருக்கு இறங்கியிருந்தது. அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிதிறன் எண் அல்ல. சிலிக்கானும் கோபால்ட் சிலிசைடும் சந்திக்கும் இடைமுகத்தைத் திருத்தம் இல்லாமலும் திருத்தத்தோடும் அருகருகே காட்டியிருந்தார்கள். முதல் படத்தில் இடைமுகம் எங்கே என்று விரல் வைக்க முடியாது. இரண்டாவதில் ஒரு படிகம் முடிந்து மறு படிகம் தொடங்கும் அணு வரிசையே தெரிகிறது.

பூஜ்யம் ஏன் கூடாது

திருத்தி கையில் வந்ததும், பிறழ்ச்சியைப் பூஜ்யத்தில் வைத்து, குவியத்தையும் சரியாக வைத்துப் படமெடுத்தால் என்ன ஆகும்? மெல்லிய படிகத்தில் ஏறக்குறைய எதுவுமே தெரியாது.

காரணம் இது. மெல்லிய படிகம் எலக்ட்ரான்களை விழுங்குவதில்லை. அணுவின் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது அலையின் கட்டம் மட்டும் சிறிது முன்னேறுகிறது, வீச்சு மாறுவதில்லை. கேமராவோ கட்டத்தை அறியாது, வீச்சின் வர்க்கத்தைத்தான் பதிவுசெய்யும். குறையே இல்லாத வில்லை அந்தக் கட்ட அலையை அப்படியே கொண்டுவந்து சேர்க்கும். படம் வெறுமையாக இருக்கும். ஒளி நுண்ணோக்கியில் இதே இடர்ப்பாட்டை ஃபிரிட்ஸ் ஜெர்னிகே கால் அலைத் தகட்டால் தீர்த்து 1953-இல் நோபல் பெற்றார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் தகட்டின் வேலையைச் செய்துவந்தது, கோளப் பிறழ்ச்சியும் குவிய விலகலும் சேர்ந்த கூட்டணிதான். ஷெர்ட்சர் 1949-இல் கணக்கிட்ட குவிய நிலை அந்தக் கூட்டணியின் மிகச் சிறந்த பேரம். ஆக, பிழையை முழுதாக எடுத்துவிட்டால் பார்வையும் போய்விடும்.

எனவே கேள்வி மாறுகிறது: எவ்வளவு பிழை வேண்டும்? லென்ட்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். கருவி எந்த நுணுக்கம் வரை செய்தி கடத்துகிறதோ, அதுவரை கட்ட மாற்றம் கால் அலையை ஒட்டியே இருக்கும்படி பிறழ்ச்சியையும் குவியத்தையும் ஒன்றோடொன்று சமன்செய்ய வேண்டும். சிஎம்200-க்கு விடை ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர். அந்த எண்ணுக்குக் குறி எதுவாகவும் இருக்கலாம். நேர்க்குறி வைத்துக் குவியத்தைக் குறைத்தால் அணுக்கள் வெள்ளைப் பின்னணியில் கருப்பாகத் தெரியும். எதிர்க்குறி வைத்துக் குவியத்தைச் சில நானோமீட்டர் மிகையாக்கினால் கருப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தெரியும்.

படத்தின் தலைகீழ்ப் பிரதி மட்டும்தான் இது என்றால் குறிக்கு அவ்வளவு முக்கியத்துவம் இருக்காது. படிகம் சற்றே தடிமனானதும் நேர்கோட்டுக் கணக்கு போதாது. சிதறிய அலைகள் தங்களுக்குள்ளேயே குறுக்கிட்டு இரண்டாம் படிப் பங்களிப்பைத் தரும். நேர்க்குறிப் பிறழ்ச்சியில் இந்தப் பங்களிப்பு முதல் படிக்கு எதிராக நின்று காண்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும். எதிர்க்குறியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து அதைக் கூட்டும். கனமான அணுவுக்கு இந்த லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது எப்படியும் தெரியும். ஆக்சிஜனுக்கு இதுதான் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் இடையிலான வித்தியாசம். மைனஸ் குறி வந்த வழி இது.

இடப்பெயர்ச்சிக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 40 மைக்ரோமீட்டரோடு அதே 0.14 நானோமீட்டர் நுணுக்கம் தள்ளி விழும் தூரம் 0.1 நானோமீட்டர் அளவுதான். 15 அலகுக்கூடு தள்ளிப்போன செய்தி தன் அணுவுக்கே திரும்பி வந்துவிட்டது. கற்றைச் சாய்வுக்கான கெடுபிடியும் தளர்ந்தது: முன்பு 0.04 மில்லிரேடியன் சாய்ந்தால் வந்த கோமா, இப்போது ஒரு மில்லிரேடியனுக்கு மேல் சாய்ந்தால்தான் வரும்.

படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்

பிழை குறைந்ததும் எச்சப் பிழைகள் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். பொதுவான விதி, எந்தப் பிழையும் படத்தின் நுணுக்க எல்லையில் கட்டத்தை அரைக்கால் அலைக்கு மேல் மாற்றக் கூடாது. 0.138 நானோமீட்டருக்கு அதைப் போட்டுப் பார்த்தால், இருமடி ஆஸ்டிக்மேட்டிசம் 2 நானோமீட்டருக்குள், மும்மடி 150 நானோமீட்டருக்குள், கோமா 50 நானோமீட்டருக்குள், கோளப் பிறழ்ச்சி நினைத்த எண்ணிலிருந்து 11 மைக்ரோமீட்டருக்குள் நிற்க வேண்டும். கடைசி எண்ணை 1.2 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், இந்த விதி அனுமதிப்பதைவிட நூறு மடங்கு பிழையோடு நாம் எத்தனை காலம் படம் பார்த்திருக்கிறோம் என்பது புரியும்.

இவற்றில் தொல்லை பிடித்தது இருமடி ஆஸ்டிக்மேட்டிசம்தான். 2 நானோமீட்டர் என்பது மிகக் குறுகிய வாசல். அறை வெப்பம் துளி மாறினாலும், மாதிரியை நகர்த்தினாலும் நகர்ந்துவிடும். கோமாவும் கோளப் பிறழ்ச்சியும் அதைவிட நிதானமானவை. ஆகவே செம்லின் அடுக்கைப் போட்டு உயர்படிப் பிழைகளை ஒருமுறை கட்டிவிட்டு, குவியத்தையும் இருமடி ஆஸ்டிக்மேட்டிசத்தையும் படமெடுப்பதற்குச் சற்று முன்பு, பார்க்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே சரிபார்ப்பதுதான் வழக்கம்.

கருவியைச் சரிசெய்துவிட்டாலும் படிகம் நம்மை ஏமாற்றலாம். படிகமே ஒரு பாகையில் சிறு பகுதி சாய்ந்திருந்தால், படத்தில் அது கோமாவைப் போலவே காட்சி தரும். அணுத்தூண் நேராக நிற்காமல் சரிந்து நிற்பதால், இலேசான அணுவும் கனமான அணுவும் வெவ்வேறு அளவு இடம் நகர்ந்தது போலத் தெரியும். தடிமன் அதைவிடப் பெரிய சிக்கல். சில நானோமீட்டர் தடிமன் வரைதான் வெள்ளைப் புள்ளியை அணு என்று எளிதாகப் படிக்க முடியும். அதற்கு மேல் எலக்ட்ரான் பலமுறை சிதறும். புள்ளியின் பிரகாசம் அணு எண்ணிக்கையோடு ஏறாமல் ஏறி இறங்கும். அதனால் யூலிஷ் குழுவினர் படத்தை மட்டும் காட்டி நிறுத்தவில்லை. தடிமனையும் சாய்வையும் எச்சப் பிழைகளையும் மாற்றி மாற்றிக் கணினியில் படத்தை உருவாக்கி, சோதனைப் படத்தோடு பொருந்தும் வரை பார்த்தார்கள். புள்ளியைப் பார்த்ததும் 'இதோ ஆக்சிஜன்' என்று அறிவிப்பது இந்தத் துறையில் அறிவியல் ஆகாது.

அந்தப் பொறுமையின் பலன் மறு ஆண்டே கிடைத்தது. 2004-இல் ஜியாவும் உர்பானும் பேரியம் டைட்டனேட் மென்படலத்தில் இரட்டைப்படிக எல்லைகளைப் பார்த்தார்கள். எல்லையில் உள்ள ஆக்சிஜன் தூண்கள், படிகத்தின் உட்பகுதியில் உள்ளவற்றைவிட மங்கலாக இருந்தன. கணினிப் படங்களோடு தூண் தூணாக ஒப்பிட்டு, எல்லையில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்களில் சராசரியாக 68 சதவீதம் மட்டுமே நிரம்பியிருக்கிறது, மீதி காலி என்று அளந்து சொன்னார்கள். 2003-இல் ஆக்சிஜன் தெரிந்தது, 2004-இல் எண்ணப்பட்டது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் பெரிய படியாகப் படுகிறது. காலியிடத்தை அளக்க முடிந்தால்தான், அந்த எல்லையில் மின்சாரம் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கே போக முடியும். 2008-இல் அதே வழியில் ஈய சிர்கோனேட் டைட்டனேட்டில் அணுக்கள் தம் இடத்திலிருந்து பிகோமீட்டர் அளவில் விலகுவதை அளந்து, மின்முனைவின் திசை எல்லையின் இருபுறமும் எப்படித் திரும்புகிறது என்று கூடு கூடாகக் காட்டினார்கள்.

கணினி வழித் திருத்தம்

வன்பொருள் இல்லாமலும் பிறழ்ச்சியை நீக்கலாம் என்ற வழி 1990-களில் இணையாகவே வளர்ந்தது. குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரு தொடர் படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து படிகத்தைவிட்டு வெளியேறும் அலையைக் கட்டத்தோடு மீட்டெடுக்கும் முறையை டிர்க் வான் டைக், விம் குனே, ஆண்ட்ரியாஸ் துஸ்ட் முதலியோர் உருவாக்கினார்கள். அலை முழுதாகக் கையில் வந்துவிட்டால், எந்தப் பிழையையும் கணினியில் பின்னோக்கி ஓட்டிக் கழித்துவிடலாம். சீனாவில் லீ ஃபாங்-ஹுவாவும் ஃபான் ஹாய்-ஃபுவும் எக்ஸ்-கதிர் படிகவியலின் நேரடி முறைகளைக் கொண்டுவந்து ஒற்றைப் படத்திலிருந்தே பிழையைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். ஸ்வீடனில் ஸ்வென் ஹோவ்மொல்லர், படத்தின் ஃபூரியர் கூறுகளில் தலைகீழானவற்றை நிமிர்த்தி, படிகச் சமச்சீரைப் பொருத்தி அமைப்பைத் தேடினார்.

சமச்சீரைப் பொருத்தும் முறைக்கு ஒரு விலை உண்டு. எல்லா அலகுக்கூடுகளும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால்தான் அது வேலைசெய்யும். புதிய படிகத்தின் அமைப்பைக் கண்டறிய அது போதும், சிறப்பாகவே போதும். ஒரு கூடு மட்டும் மற்றவற்றிலிருந்து விலகியிருக்கிறதா என்று கேட்கும்போது அந்த விலகலை அதுவே துடைத்துவிடும். குவியத் தொடர் முறைக்கு இந்தக் குறை இல்லை. யூலிஷிலேயே பிற்பாடு திருத்தியையும் குவியத் தொடரையும் சேர்த்துத்தான் பயன்படுத்தினார்கள்: திருத்தி பெரும்பாலான பிழையை எடுத்துவிடும், எச்சத்தைக் கணினி எடுக்கும்.

கோளப் பிறழ்ச்சி ஒழுங்குக்கு வந்ததும் அடுத்த வரிசையில் நின்றது நிறப்பிறழ்ச்சி. வேகம் வேறுபடும் எலக்ட்ரான்கள் வெவ்வேறு இடத்தில் குவிவதால் வருவது. அதைத் திருத்தும் கருவிகளும் வந்தன. குறைந்த மின்னழுத்தத்தில் அவற்றின் செயல்திறன் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 2013-இல் ஹைடரின் சியோஸ் நிறுவனத்தில் ஸ்டீபன் ஊலெமனும் உடன் பணியாற்றியவர்களும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கற்றையைச் சுற்றியுள்ள உலோகக் குழாய்களிலும் காந்தமுனைகளிலும் அறை வெப்பத்தால் தானாக ஓடும் மின்னோட்டங்கள் உண்டாக்கும் நுண்ணிய காந்தப்புல நடுக்கமே படத்தை மங்கலாக்குகிறது. வில்லையைத் திருத்தித் திருத்திக் கடைசியில் உலோகத்தின் வெப்பம் வரை வந்துவிட்டார்கள்.

ரோஸ், ஹைடர், உர்பான் மூவருக்கும் 2011-இல் இயற்பியலுக்கான உல்ஃப் பரிசும், நால்முனை, எண்முனை வழியில் அலகிடும் நுண்ணோக்கியைத் திருத்திய ஓன்ட்ரெய் கிரிவானெக்கையும் சேர்த்து நால்வருக்கு 2020-இல் கவ்லி பரிசும் கிடைத்தன.

இப்போது டைகோகிராபி என்ற முறை மேலே வந்திருக்கிறது. கற்றையைப் படிகத்தின் மேல் புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் முழு விளிம்பு விளைவுக் கோலத்தையும் பதிவுசெய்து, பொருளையும் கற்றையின் பிழைகளையும் கணினியில் ஒன்றாகத் தீர்ப்பது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் முல்லரின் குழு 2021-இல் பிரசியோடைமியம் ஸ்காண்டேட் படிகத்தில் அணுக்களின் வெப்ப அதிர்வே வரம்பாகும் அளவுக்கு இதைக் கொண்டுபோனது. 2024-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பின்ஷேன் ஹுவாங்கின் குழு, திருத்தியே இல்லாத நுண்ணோக்கியில் 0.044 நானோமீட்டர் பிரிதிறனைக் காட்டியது. விலை உயர்ந்த திருத்தி வாங்க முடியாத ஆய்வகங்களுக்கு இது உண்மையான நல்ல செய்தி. அதே நேரத்தில், அந்த முறைக்கு ஆயிரக்கணக்கான கோலங்களும் நீண்ட கணக்கீடும் தேவை. எல்லாக் கோலங்களும் பதிவாகும் வரை படிகம் மாறாமல் இருக்கவும் வேண்டும். சூடாக்கும்போது எல்லை நகர்வதையும், வாயுவுக்குள் வினையூக்கியின் மேற்பரப்பு உருமாறுவதையும் பார்க்க விரும்புபவருக்கு, ஒரே நொடியில் எடுத்த ஒற்றைப் படத்தில் ஆக்சிஜன் அதன் இடத்தில் தெரிவதுதான் வேண்டும். அதற்கு இன்றும் திருத்தியைத்தான் நாடுகிறார்கள்.